கம்பைலருக்காகக் காத்திருத்தல்: சி++ தரநிர்ணயங்களும் காலதாமதமும்

1. விஷயமும் வினாவும்

சர்வதேசத் தர நிறுவனமாகிய ஐ.எஸ்.ஓ.வின் கீழ் டபிள்யூ.ஜி.21 என்ற பெயரோடு இயங்கும் குழுவே சி++ என்னும் நிரல்மொழியின் இலக்கணத்தை வகுத்தும் திருத்தியும் வெளியிட்டு வருகிறது என்பதும், 1998, 2003, 2011, 2014, 2017, 2020 ஆகிய ஆண்டுகளின் பெயரால் வழங்கும் தரநிர்ணயங்களும், 2023இன் பெயரைத் தாங்கி 2024 அக்டோபரில் வெளியான தரநிர்ணயமும் அக்குழுவின் ஆக்கங்களே என்பதும் அத்துறையினர் யாவரும் அறிந்தவை. ஆயினும் அக்குழு வெளியிடுவது ஒரு நூல் மட்டுமே என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அந்நூலில் சொல்லியபடி எழுதிய நிரலைக் கணிப்பொறியின் கட்டளைகளாக மாற்றித் தரும் கம்பைலரை அக்குழு இயற்றுவதுமில்லை. பிறர் இயற்றியதைச் சோதித்து நற்சான்று அளிப்பதுமில்லை. ஆகவே, ஒரு தரநிர்ணயம் வாக்கெடுப்பில் நிறைவேறிய நாளுக்கும், அதில் கண்ட வசதியைச் சாமானிய நிரலாளர் ஒருவர் தம் அலுவலகக் கணிப்பொறியில் அச்சமின்றி உபயோகிக்கும் நாளுக்கும் இடையே ஓர் இடைக்காலம் விழுந்துவிடுகிறது. பத்திரம் பதிவாகியும் பட்டா மாறாத நிலத்தைப் போல, சாஸ்திரப்படி கைக்கு வந்தும் அனுபோகத்துக்கு வராத காலம் அது.

அவ்விடைக்காலத்துக்கு யார் பொறுப்பு, அது முழுவதும் நஷ்டந்தானா என்பதே இங்கு ஆராயப் புகும் வினா.

இடைக்காலம் தவிர்க்கவே முடியாததா என்று கேட்பவருக்கு வேறோர் ஏற்பாட்டின் சரித்திரத்தையும் நினைவூட்டலாம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஏடா என்னும் மொழியை வகுப்பித்தபோது, அரசாங்கத்தின் சோதனைத் தொகுதியில் தேறிய கம்பைலரே அப்பெயரைச் சூடலாம் என்று விதித்தது. 1983 ஏப்ரலில் முதலாவதாகத் தேறியது நியூயார்க் பல்கலைக்கழகத்தில் உருவான ஏடா/எட். மொழியின் பொருளைச் செய்து காட்டும் மாதிரியாகவே எழுதப்பட்ட அது, தேறியதென்னவோ உண்மை. அதன் மந்தகதியோ நடைமுறை வேலை எதற்கும் உதவுவதாயில்லை. நற்சான்றிதழால் மட்டும் காத்திருப்பு ஒழிந்துவிடாது என்பதற்கு இது போதிய அத்தாட்சி.

2. வழங்கிவரும் அபிப்பிராயங்கள்

இக்காலதாமதம் பற்றி நிரலாளரிடையே மூன்று அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. குழுவினர் செய்து பார்க்காமலே காகிதத்தில் மொழியைக் கற்பனை செய்துவிட்டு, அக்கற்பனையை நிறைவேற்றும் பாரத்தைப் பிறர் தலையில் ஏற்றுகிறார்கள் என்பது முதலாவது. கம்பைலர் விற்கும் கம்பெனிகள் தமக்கு லாபமில்லாத வசதிகளைக் கிடப்பில் போடுகின்றன என்பது இரண்டாவது. கம்பைலர் என்றோ தயாராகிவிட்டபோதிலும் பழையதை விட மனமில்லாத உபயோகஸ்தர்களே தாமதத்தின் மூலம் என்பது மூன்றாவது. இதைச் சொல்பவர்கள் குறைவு, ஏனெனில் இது சொல்பவரையும் சேர்த்தே குற்றஞ்சாட்டுகிறது.

இரண்டாவது அபிப்பிராயத்துக்குச் சான்றாகப் பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுவது, சி++ மொழிக்குத் தாயாகிய சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரநிர்ணயம். ஏனைய கம்பைலர்கள் அதைத் தழுவிப் பல்லாண்டு கழிந்த பின்னும் மைக்ரோசாஃப்டின் கம்பைலர் அதன் பெரும்பகுதியை ஏற்கவில்லை. 2012இல் அக்கம்பெனியைச் சேர்ந்தவரும் சி++ குழுவின் பிரமுகருமான ஹெர்ப் சட்டர், தங்கள் கவனம் சி++ மீதே இருக்கும் என்றும், சி மொழியில் சி++ மொழிக்கும் பொதுவான பகுதிகளையே ஆதரிப்போம் என்றும் கருத்துப்பட வெளிப்படையாகவே அறிவித்தார். அந்நிலையில் எஃப்எஃப்எம்பெக் என்னும் பிரசித்தமான ஒலி-ஒளித் தொகுதியை விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் கம்பைலரைக் கொண்டு கட்ட விரும்பியவர்கள், 1999இன் இலக்கணத்தில் எழுதிய நிரலை 1989இன் இலக்கணத்துக்கு இறக்கித் தரும் தனி மென்பொருள் ஒன்றையே இயற்ற நேர்ந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த 2013 பதிப்பில் அவ்வசதிகளில் பல வந்து சேர்ந்தன. ஆக, கம்பெனியின் மனமே தாமதத்துக்குக் காரணமாவது உண்டு என்பது மெய். அதையே பொதுவிதியாக்கலாமா என்பதுதான் சந்தேகம். அதற்குச் சி++ மொழியின் சொந்தச் சரித்திரத்தைப் பார்க்க வேண்டும்.

3. 1998: எக்ஸ்போர்ட் வழக்கு

சி++ மொழியில் டெம்பிளேட் என்பது, எவ்வகைத் தரவுக்கும் பொருந்தும்படி ஒரே முறை எழுதிவைக்கும் பொது வார்ப்பு. அதன் முழு உடலையும் தலைப்புக் கோப்பில் வைத்து, அதை நாடும் ஒவ்வொரு மூலக்கோப்பிலும் திரும்பத் திரும்பக் கம்பைலர் வாசிக்கச் செய்வதே வழக்கம். இதனால் கம்பைல் ஆகும் நேரம் பெருகும். வார்ப்பின் உடலைத் தனிக்கோப்பில் மறைத்து வைக்கலாம் என்று வாக்களித்த வசதியே எக்ஸ்போர்ட். 1998 தரநிர்ணயத்தில் அது இடம்பெற்றபோது, உலகில் எந்தக் கம்பைலரிலும் அது செயற்பட்டதில்லை.

அதை முதலில் நிறைவேற்றியது எடிசன் டிசைன் குரூப் என்னும் மிகச் சிறிய நிறுவனம். பிற கம்பைலர் கம்பெனிகளுக்கு மொழியை அலசும் முற்பகுதியை இயற்றித் தருவதே தொழிலாகக் கொண்ட அந்நிறுவனம், தரநிர்ணயத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுவதில் கீர்த்தி பெற்றது. அதன் முற்பகுதியைக் கொண்டு காமோ நிறுவனத்தின் கம்பைலர் எக்ஸ்போர்ட்டைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அனுபவத்தில் கண்டதோ வேறு: வார்ப்பின் உடல் உண்மையில் மறையவில்லை, கம்பைல் நேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை, பெயர்களைத் தேடிப் பொருள்கொள்ளும் விதிகளில் எதிர்பாராத சிக்கல்கள் முளைத்தன. 2003இல் ஹெர்ப் சட்டரும் டாம் பிளமும் எடிசன் நிறுவனத்தாரின் அனுபவத்தை ஆதாரமாகக் காட்டி, எக்ஸ்போர்ட்டை நீக்கிவிடும்படி குழுவுக்கு விண்ணப்பம் எழுதினர். குழு அன்று அதை ஏற்கவில்லை. அதனை இயற்றி முடித்தவர்களே பிறருக்கு அது வேண்டாம் என்று ஆலோசனை கூறிய பின், 2011 தரநிர்ணயத்திலிருந்து அது அகற்றப்பட்டது.

முதலாம் அபிப்பிராயத்துக்கு இதைவிட உறுதியான சான்று வேண்டுவதில்லை. ஆனால் இதே வழக்கை மறுபுறம் திருப்பியும் பார்க்கலாம். ஏனைய கம்பைலர்கள் எல்லாம் ஆண்டுக்கணக்கில் இதைச் செய்யாதிருந்தது வெறும் சோம்பல் என்று அக்காலத்தில் குறை கூறியவர்கள் உண்டு. பின்னர் நடந்ததைக் கொண்டு நோக்கினால், அந்தத் தாமதம் தரநிர்ணயத்தின் மீது நடந்த பரீட்சையாகவே இருந்தது. ஒருவர் செய்து பார்த்தார், மற்றவர் பொறுத்திருந்தனர், வசதி பரீட்சையில் தவறியது. எல்லோரும் விரைந்து செய்திருந்தால் அதை நீக்குவது பின்னர் இயலாத காரியமாகியிருக்கும் என்பது என் துணிபு.

எல்லாத் தாமதத்தையும் இப்படிப் பரீட்சை என்று மெழுகிவிட முடியாது. ஃபார் என்னும் சுழற்சியின் தலைப்பில் அறிவிக்கும் மாறி அச்சுழற்சியோடே மடியவேண்டும் என்பது 1998இன் எளிய விதிகளுள் ஒன்று. அதே ஆண்டு வெளிவந்து நெடுங்காலம் உலகெங்கும் புழங்கிய மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ 6.0இலோ அம்மாறி சுழற்சிக்கு வெளியேயும் உயிரோடு திரிந்தது. அடுத்தடுத்து இரு சுழற்சிகள் ‘ஐ’ என்ற பெயரை அறிவித்தால் இரண்டாவது இடத்தில் பிழை. நிரலாளர்கள் கண்டுபிடித்த உபாயம் ரசிக்கத்தக்கது. ஃபார் என்ற சொல்லையே மாக்ரோவாக்கி, ‘ஒருபோதும் நிகழாத நிபந்தனை நிகழ்ந்தால் ஒன்றும் செய்யாதே, இல்லையேல் ஃபார்’ என்று அது விரியும்படி செய்தனர். சுழற்சி ‘இல்லையேல்’ என்ற கிளைக்குள் அகப்பட்டுக்கொண்டதால், மாறியின் ஆயுளும் அக்கிளையோடு முடிந்தது. விதி நூலில் இருக்க, நிரலாளர் அதைத் தம் கையாலே நிறைவேற்றிக்கொண்ட காலம் அது.

4. 2011: தேதி எது?

அடுத்த பெருந்திருத்தம் சி++0எக்ஸ் என்ற தற்காலிகப் பெயரோடு வளர்ந்தது. பூஜ்யத்தை அடுத்த எக்ஸ், 2000க்கும் 2009க்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் ஆண்டைக் குறிப்பதாகக் கருத்து. அத்தசாப்தம் கடந்துபோகவே, மொழியின் கர்த்தாவாகிய பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப், அந்த எக்ஸ் பதினாறடிமான எண் என்று வேடிக்கையாகச் சமாதானம் கூறினார். 2009 ஜூலையில் ஃபிராங்க்ஃபர்ட்டில் கூடிய குழு, டெம்பிளேட் ஏற்கும் தரவு வகைகளுக்கு நிபந்தனை விதிப்பதற்காகப் பல்லாண்டு உழைப்பில் உருவான கான்செப்ட்ஸ் என்ற பகுதியை முற்றும் நீக்கிவிட்டது. அது எளிமைப்பட்ட உருவில் 2020இல்தான் திரும்பி வந்தது. எஞ்சியது 2011 ஆகஸ்டில் நிறைவேறியது.

இனிக் கம்பைலர்களின் கணக்கு. கட்டற்ற மென்பொருளான ஜி.சி.சி., 2011 தரநிர்ணயத்தின் மொழிப்பகுதியை 2013 மே மாதம் 4.8.1 பதிப்பில் நிறைவு செய்தது. அதன் போட்டியாளரான கிளாங், அடுத்த மாதமே 3.3 பதிப்பில் நிறைவு செய்தது. ஏறக்குறைய இரண்டே ஆண்டுகள். 1998இன் அனுபவத்தோடு ஒப்பிட்டால் இது சொற்பம். அடுத்த திருத்தத்தில் நிலைமை தலைகீழாகவே ஆயிற்று: 2014 தரநிர்ணயம் அவ்வாண்டு டிசம்பரில் வெளியாக, கிளாங் அதன் வரைவு முழுவதையும் ஜனவரியிலேயே 3.4 பதிப்பில் ஏற்றுவிட்டிருந்தது. அங்கே கம்பைலர்தான் தரநிர்ணயத்துக்காகக் காத்திருந்தது.

மொழிப்பகுதி நிறைவு என்று மேலே சொன்னதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தரநிர்ணயம் என்பது மொழியும் அதனுடன் வரும் லைப்ரரியும் சேர்ந்தது. எழுத்துக்கோவைகளில் ஒரு வடிவத்தைத் தேடும் ரெஜெக்ஸ் என்ற கருவி 2011இல் லைப்ரரியில் சேர்க்கப்பட்டது. ஜி.சி.சி. 4.8இல் அதற்கான தலைப்புக் கோப்பு இருந்தது. அதை நாடும் நிரல் ஓர் எச்சரிக்கையும் இன்றிக் கம்பைலும் ஆயிற்று. ஓடவிட்டால், சாதாரணமான வடிவம் ஒன்றைக் கொடுத்த மாத்திரத்தில் பிழை எறிந்து நின்றது, அல்லது தவறான விடை தந்தது. உள்ளே வேலை நடக்கவேயில்லை என்பது ஆவணத்தைத் தேடிப் படித்தவருக்கே தெரியும். 2014 ஏப்ரலில் வெளியான 4.9இல்தான் அது உண்மையாயிற்று. தன் நிரலில் தவறு என்று எண்ணி இரவெல்லாம் விழித்திருந்த நிரலாளர் எத்தனை பேரோ! இல்லாத வசதியை விட, இருப்பதாகப் பாவனை காட்டும் வசதியே மிகுந்த துன்பம் தருவது.

எந்தத் தரநிர்ணயத்தைப் பின்பற்றுகிறாய் என்று கம்பைலரையே கேட்டறிவதற்கும் ஒரு மாக்ரோ உண்டு. 1998க்கு 199711 என்றும், 2011க்கு 201103 என்றும் அது விடையளிக்க வேண்டும். ஜி.சி.சி. 4.7 வரும்வரை அது வெறும் 1 என்றே கூறி வந்தது. மைக்ரோசாஃப்டின் கம்பைலரோ, புதிய வசதிகளையெல்லாம் ஏற்ற பின்னும், பழைய நிரல்கள் அவ்வெண்ணை நம்பியிருக்கின்றன என்பதால் 199711 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மெய்யான எண்ணைப் பெற விரும்புவோருக்கு 2018இல் தனியாக ஒரு விருப்பக்குறி தரப்பட்டது.

5. கம்பைலர் வந்த பிறகு

2013க்குள் கம்பைலர்கள் தயாராகிவிட்டன என்றால் காத்திருப்பும் அப்போதே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்பதே இவ்வாராய்ச்சியின் முக்கியமான விஷயம்.

பெரிய ஸ்தாபனங்களின் கணிப்பொறிகளில் ஓடுவது ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் போன்ற நீடித்த ஆதரவுள்ள அமைப்புகள். அதன் 6ஆம் பதிப்பு 2010 நவம்பரில் ஜி.சி.சி. 4.4உடன் வந்தது, அதற்குரிய பராமரிப்பு 2020 நவம்பர் வரை நீடித்தது. அந்த 4.4இல் 2011இன் சில வசதிகள் முன்கூட்டியே உண்டு. ஆனால் பெயரிடாமலே செயற்கூறு எழுத உதவும் லாம்டா 4.5இல்தான் வந்தது, தொகுப்பின் மீது நேரே ஓடும் புதிய ஃபார் சுழற்சி 4.6இல்தான் வந்தது. 7ஆம் பதிப்பு 2014 ஜூனில் ஜி.சி.சி. 4.8உடன் வெளியாகி 2024 ஜூன் 30 வரை பராமரிக்கப்பட்டது. பத்தாண்டு எதையும் மாற்றமாட்டோம் என்ற உறுதிமொழிக்காகவே ஸ்தாபனங்கள் அதற்குப் பணம் செலுத்துகின்றன. அந்த மாறாமையில் கம்பைலரும் ஓர் அங்கம். நூலின் தேதி 2011, கம்பைலரின் தேதி 2013; 6ஆம் பதிப்பில் வேலை பார்த்த நிரலாளருக்கோ, மேலிடத்தார் கணிப்பொறியை மாற்றிய நாளே தேதி.

புதிய கம்பைலரை மட்டும் தனியே நிறுவிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ரெட் ஹாட்டே அதற்கென ஒரு கருவித்தொகுதியைத் தந்தது. ஆனால் அங்கே பைனரிப் பொருத்தம் என்ற வேறொரு தடை எழுந்தது. இவ்விஷயத்தில் எனக்கு மிக அர்த்தமுள்ளதாகத் தோன்றுவது அதுவே.

ஜி.சி.சி.யின் பழைய லைப்ரரியில், ஒரு எழுத்துக்கோவையைப் பிரதி எடுக்கும்போது உள்ளடக்கம் உடனே பிரதியாவதில்லை. இரண்டும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு, யாரேனும் ஒருவர் மாற்ற முயலும்போதே பிரிந்துகொள்ளும். பல இழைகள் ஒருங்கே ஓடும் நிரல்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட 2011 விதிகளின்படி இந்த உபாயம் செல்லாது. 2015 ஏப்ரலில் வெளியான ஜி.சி.சி. 5 அதை மாற்றியது: 64 பிட் கணிப்பொறிகளில் 8 பைட்டாக இருந்த எழுத்துக்கோவைப் பொருள் 32 பைட்டாயிற்று, 15 எழுத்துகள் வரையுள்ள சிறு கோவைகள் அப்பொருளுக்குள்ளேயே அடங்கின. அமைப்பு மாறியதால், பழைய கம்பைலரில் கட்டிய லைப்ரரியும் புதிய கம்பைலரில் கட்டிய நிரலும் ஒரே கோவையை இரு வேறு விதமாக அர்த்தப்படுத்தும் அபாயம் உண்டாயிற்று. அதைத் தடுக்க இரு அமைப்புகளுக்கும் வெவ்வேறு உட்பெயர்கள் சூட்டப்பட்டன. விளைவாக நிரல் கம்பைல் ஆகும். இறுதியில், கம்பைலான துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர், இல்லாத பெயரைக் கேட்டதாகப் பக்கம் பக்கமாக முறையிடும்.

ரெட் ஹாட்டின் 7ஆம் பதிப்புக்கான கருவித்தொகுதி இச்சிக்கலைத் தீர்த்த விதம் பழைமைக்கே சாதகமானது: ஜி.சி.சி. 11ஐ நிறுவினாலும், எழுத்துக்கோவைக்குப் பழைய அமைப்பே கட்டாயம். 2020இன் இலக்கணத்தில் எழுதலாம். உள்ளே ஓடுவது 2011 விலக்கிய கோவை. இந்த ஏற்பாட்டின் நிழல் எவ்வளவு நீண்டது என்பதற்கு, இன்று செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கெல்லாம் அடித்தளமாயிருக்கும் பைடார்ச் என்னும் தொகுதியே சாட்சி. பைத்தான் உபயோகஸ்தர்கள் சாதாரணமாக இறக்கி நிறுவும் அதன் லினக்ஸ் வடிவம் பல்லாண்டு பழைய அமைப்பிலேயே கட்டப்பட்டு, 2025இல்தான் புதியதற்கு மாறியது.

6. காத்திருப்பை விரும்பியவர்கள்

மூன்றாம் அபிப்பிராயம் உபயோகஸ்தரின் மந்தபுத்தியைக் குறிப்பதாகப் பேசப்பட்டாலும், அதற்குள் இரு வேறு காரியங்கள் கலந்து கிடக்கின்றன. நம் பொறியியற் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் 1998க்கு முற்பட்ட டர்போ சி++ நெடுங்காலம் கோலோச்சியதும், முதல் தரநிர்ணயமே ஏற்காத தலைப்புக் கோப்பின் பெயரையும் திரையைத் துடைக்கும் கட்டளையையும் மாணவர்கள் மந்திரம் போல உருவேற்றியதும் காத்திருப்பு ஆகா; இலவசமாகக் கிடைத்த புதிய கம்பைலரைக் கண்ணெடுத்துப் பாராத அலட்சியம் அது.

தெரிந்தே பின்தங்கியவர்களின் வழி வேறு. இணையத்தின் வழியே தரவைக் கொண்டுவரும் கர்ல் என்னும் கருவி, சி மொழியின் 1989 இலக்கணத்தையே இன்றளவும் விரதமாகக் காக்கிறது. எந்தப் பழங்கணிப்பொறியிலும் அது கட்டப்பட வேண்டும் என்பதே காரணம். லினக்ஸ் கருநிரல் அதே 1989 இலக்கணத்திலிருந்து 2011 இலக்கணத்துக்கு 2022இல் வெளியான 5.18 பதிப்பில் மாறியது. மாற்றத்தைத் தூண்டியது, பட்டியலை வரிசையாகப் பார்வையிடும் சுழற்சியின் மாறி, சுழற்சி முடிந்த பின்னும் வெளியே கசிந்து ஆபத்து விளைவிக்கிறது என்ற பழைய பிணி. ஃபார் தலைப்பிலேயே மாறியை அறிவிக்கும் வசதி இருந்தால் அது தீரும் என்று லைனஸ் டோர்வால்ட்ஸ் இணங்கினார். அவ்வசதி சி மொழியின் 1999 தரநிர்ணயத்தில் உள்ளது. கருநிரலைக் கட்டக் குறைந்தபட்சம் ஜி.சி.சி. 5.1 வேண்டும் என்ற நிபந்தனை 2021இன் 5.15 பதிப்பில்தான் வந்தது. மிகப் பழைய கம்பைலர்களைக் கைவிட்ட பிறகே இலக்கணத்தை உயர்த்த வழி பிறந்தது. இங்கே தடையாய் நின்றது கம்பைலரை இயற்றுவோரின் தாமதம் அன்று, உபயோகஸ்தரில் மிகப் பழையவரையும் விட்டுவிடக்கூடாது என்ற கொள்கை. அதைக் குறையென்று சொல்ல எனக்கு மனமில்லை.

7. மாட்யூல்கள்

2020 தரநிர்ணயத்தின் தலையாய வசதியாகிய மாட்யூல், மேற்கண்ட மூன்று அபிப்பிராயங்களில் எதற்குள்ளும் முழுதாக அடங்காதது. தலைப்புக் கோப்பை எழுத்துக்கு எழுத்து ஒட்டும் பழைய முறைக்கு மாறாக, ஒரு முறை கம்பைல் செய்த மாட்யூலை மற்றக் கோப்புகள் இறக்குமதி செய்துகொள்ளும். முன்பு மூலக்கோப்புகளை எந்த வரிசையிலும் கம்பைல் செய்யலாம். இப்போதோ இறக்குமதியாகும் மாட்யூல் முன்னதாகவே தயாராக இருந்தாக வேண்டும். எது எதை நம்பியிருக்கிறது என்பதைக் கோப்புகளைத் திறந்து வாசித்தாலன்றி அறிய முடியாது. எனவே கம்பைலரை ஏவும் கட்டுமானக் கருவியே மாறவேண்டியதாயிற்று. தரநிர்ணயமோ அக்கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

மைக்ரோசாஃப்டின் கம்பைலர் இவ்வசதியில் முந்திக்கொண்டது. சி விஷயத்தில் அதன் மீது சுமத்திய குற்றத்தை நினைத்துப் பார்த்தால் இது கவனிக்கத்தக்கது. ஜி.சி.சி. 11 பரீட்சார்த்தமாக ஏற்றது. ஆயினும் சி++ உலகில் மிகப் பரவலான கட்டுமானக் கருவியாகிய சிமேக், பெயருள்ள மாட்யூல்களை முறையாக ஆதரித்தது 2023 டிசம்பரில் வெளியான 3.28 பதிப்பில்தான். இந்த மூன்றாண்டுக் காத்திருப்புக்குக் கம்பைலர் இயற்றுவோரை மட்டும் நிந்திப்பது நியாயமன்று. கட்டுமானக் கருவிக்காரர்களைக் குழுவின் மேசைக்கு முன்னதாகவே அழைக்காததுதான் பிழை. அந்த 3.28 பதிப்பிலும் நின்ஜா, விஷுவல் ஸ்டூடியோ ஆகியவற்றின் வழியே கட்டுவோருக்கே மாட்யூல் கிட்டியது. பழைய மேக்ஃபைல் வழியே கட்டுவோருக்குக் கிட்டவில்லை.